ஆமிஷ் ஹீட்டர் வைத்தால் பில் குறையுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். எல்லோரும் நலமா? இன்றைக்கு ஐந்தாறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் கேள்வியைப் படித்த நாளிலிருந்து மனசு அதை விட்டு நகரவே இல்லை. அதனால் இன்றைக்கு இந்த ஒன்றுதான். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆமிஷ் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்காவில் பழைய வாழ்க்கை முறையை விடாமல் குதிரை வண்டியோடு வாழ்கிற ஒரு கிறிஸ்தவக் கூட்டம். இனி கேள்வியை அப்படியே படிக்கிறேன். "ஐயா, நாங்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் பக்கத்தில் இருக்கிறோம். மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவருக்குக் குளிர் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது மரத்தில் செய்த ஒரு கணப்பு ஹீட்டரை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். இது ஆமிஷ் ஹீட்டர், இதைப் போட்டால் ஹீட்டிங் பில் பாதியாகிவிடும் என்றார். என் கணவர் நம்ப மாட்டேன் என்கிறார். ஆமிஷ் மக்கள் கரண்டே வைத்துக்கொள்ள மாட்டார்களே, அவர்கள் எப்படிக் கரண்ட் ஹீட்டர் செய்வார்கள்? விளக்குங்கள்."

அம்மா, உங்கள் கேள்வி என்னைப் பதினைந்து வருடத்துக்கும் மேலே பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டது. நம் பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் ஆறு வருடம் அதே ஒஹாயோவில், ஆக்ரன் ஊரில் வேலை பார்த்தவன். அந்த விளம்பரம் வந்த காலத்தில் நான் அங்கேதான் இருந்தேன். செய்தித்தாளில் முழுப் பக்கம் வரும். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பார்த்தால் விளம்பரம் மாதிரியே இருக்காது. பத்திரிகைச் செய்தி மாதிரி பெரிய தலைப்பு, கீழே பத்தி பத்தியாக எழுத்து. ஆமிஷ் மரச்சட்டமும் ஒரு அதிசயக் கண்டுபிடிப்பும் சேர்ந்து வீட்டு ஹீட்டிங் பில்லை அடிமட்டத்துக்குக் கொண்டுவருகின்றன என்கிற மாதிரி தலைப்பு. படத்தில் தாடி வைத்த ஆண்கள், வைக்கோல் தொப்பி, தலையில் வெள்ளைக் குல்லா கட்டிய பெண்கள், குதிரை வண்டி. அந்த வண்டியில் கணப்பு ஹீட்டர்களை ஏற்றி அடுக்கியிருப்பார்கள். விற்ற கம்பெனி ஹீட் சர்ஜ், அதே ஒஹாயோவில் கேன்டன் என்ற ஊர்க்காரர்கள். 48 மணி நேரத்துக்குள் போன் செய்தால் ஹீட்டர் இலவசம் என்று போட்டிருக்கும். அப்புறம் நிதானமாகப் படித்தால்தான் தெரியும், ஹீட்டர் இலவசம், ஆனால் அதைச் சுற்றி வைக்கிற மரச்சட்டத்தின் விலை 298 டாலர், அனுப்புகிற கூலி தனி.

காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அந்த இலையுதிர் காலத்தில் பெரிய வங்கிகள் சரிந்தன. ஜனங்களுக்கு வேலை போகுமோ வீடு போகுமோ என்ற பயம். ஒஹாயோ குளிரை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், ஜனவரியில் ஹீட்டிங் பில்லைப் பிரிக்கிற கையே நடுங்கும். அந்த நேரத்தில், காலையில் செய்தித்தாளைப் பிரித்து வரி விடாமல் படிக்கிறவர்கள் யார்? வயதானவர்கள். தனியாக இருக்கிறவர்கள். அவர்கள் மடியில்தான் இந்தப் பக்கம் போய் விழுந்தது.

சரி, ஹீட்டருக்கு வருவோம். உங்கள் கணவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் அவர் சந்தேகம் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே இன்னும் போகவில்லை.

அந்த விளம்பரத்தைக் கவனமாகப் படித்தால், ஹீட்டரை ஆமிஷ் மக்கள் செய்தார்கள் என்று அது சொல்லவே இல்லை. மரச்சட்டத்தைத்தான் ஆமிஷ் தச்சர்கள் செய்தார்கள் என்றது. உள்ளே இருக்கிற ஹீட்டர் சீனத்துக் கடற்கரையிலிருந்து வருகிற பொறியியல் மேதைமை என்ற பொருளில் அதிலேயே எழுதியிருந்தது. அதாவது சீனாவில் செய்தது. மறைக்கவில்லை. ஆனால் அந்த வரி எங்கே இருக்கிறது, குதிரை வண்டிப் படம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண் முதலில் எதைப் பார்க்கும்? வரிவரியாக எடுத்தால் பெரிய பொய் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கடினம், மொத்தமாகப் பார்த்தால் மனசில் பதிகிறது வேறு. பக்கத்து வீட்டுப் பாட்டி மனசில் என்ன பதிந்தது? "ஆமிஷ் ஹீட்டர்." இத்தனை வருடம் கழித்தும் அந்த இரண்டு வார்த்தைதான் அவர் வாயில் வந்திருக்கிறது.

இப்போது நான் எப்போதும் சொல்கிற விஷயத்தைத் திரும்பச் சொல்லப் போகிறேன். தண்ணீர் சுட வைக்கிற ராடு பற்றிப் பேசினபோது சொன்னேன், பிளக்கில் மாட்டினால் பில் குறையும் என்று விற்கிற அந்த மின்சேமிப்பு டப்பாவைப் பிரித்துக் காட்டினபோதும் சொன்னேன். ஒரு யூனிட் கரண்ட் போட்டால் ஒரு யூனிட் சூடு. அவ்வளவுதான். கம்பிச்சுருளில் போனாலும் சரி, குவார்ட்ஸ் குழாயில் போனாலும் சரி, எண்ணெய் நிரப்பின ரேடியேட்டரில் போனாலும் சரி. முப்பது டாலர் பிளாஸ்டிக் ஹீட்டரும், முந்நூறு டாலர் மரக்கூட்டு ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கிற சூடு ஒன்றே, 3,412 பிடியு. பிடியு என்பது அமெரிக்காவில் சூட்டை அளக்கிற அளவு. ஒரு பிடியு கூட ஏறாது, இறங்காது. வெளியே கருவாலி (ஓக்) மரத்தைக் கட்டினாலும் சந்தன மரத்தைக் கட்டினாலும் இதுதான்.

அந்த விளம்பரத்தில் பெருமையாக ஒரு எண் வரும், 5,119 பிடியு என்று. கேட்டால் பெரிதாக இருக்கிறது, இல்லையா? ஒரு பேப்பர் எடுங்கள். 1,500 வாட்டை 3.412-ஆல் பெருக்குங்கள். 5,118 வரும். அவர்கள் சொன்னது 1,500 வாட் ஹீட்டர் என்பதைத்தான், வேறு அளவில். அமெரிக்காவில் கடையில் போய் நின்றால் மேசைக்கு அடியில் வைக்கிற சின்னப் பெட்டி முதல் பெரியது வரைக்கும் பெரும்பாலும் எல்லாமே 1,500 வாட்தான். ஏன் அப்படி? அந்த ஊர் வீட்டு பிளக் 120 வோல்ட். சாதாரண லைன் 15 ஆம்பியர் தாங்கும். 1,500 வாட் என்றால் 12.5 ஆம்பியர் இழுக்கிறது. 15-ஐத் தாண்டினால் பிரேக்கர் விழ வேண்டியதுதான், மணிக்கணக்காக ஓடுகிற சாமான் அதற்குக் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும். நம் ஊரில் 230 வோல்ட், அதனால் இங்கே 2,000 வாட் ரூம் ஹீட்டர் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. அங்கே அதற்கு இடமில்லை. ஆக, எந்தக் கம்பெனி எந்த அதிசயத்தைச் செய்தாலும் அந்த பிளக் வழியாக வருகிற சூட்டுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பில்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

அதே விளம்பரத்தில் இன்னொன்று, காபி மெஷின் இழுக்கிற அளவு கரண்ட்தான் இது இழுக்கும் என்று. காபி மெஷின் எவ்வளவு நேரம் ஓடும்? பத்து நிமிடம். ஹீட்டரை மாமியார் எத்தனை மணி நேரம் போட்டு வைப்பார்? அவர் எழுந்ததிலிருந்து தூங்குகிற வரைக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒன்பது சென்ட்தான் என்றும் சொன்னார்கள். அது பாதி அளவில், 750 வாட்டில் ஓட்டினால் வருகிற கணக்கு. அப்போது அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் சராசரியாக ஒரு யூனிட் பதினொரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. முழு அளவில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குப் பதினேழு சென்ட் வரும். இதையும் பொய் என்று சொல்ல முடியாது.

பில் பாதியாகும் என்ற பேச்சை மட்டும் நான் விட மாட்டேன். உங்கள் ஊர்ப் பக்கம் நிறைய வீடுகளில் முழு வீட்டையும் சூடாக்குவது இயற்கை எரிவாயுவில் ஓடுகிற ஃபர்னஸ்தான். ஒரு லட்சம் பிடியு சூட்டை மின்சார ஹீட்டரில் எடுக்க 29.3 யூனிட் வேண்டும். அன்றைய சராசரி விலையில் அது மூன்று டாலருக்கு மேல். அதே சூட்டை ஃபர்னஸில், நூற்றுக்கு இருபது பங்கு புகைக்குழாயில் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், எரிவாயுவில் இரண்டு டாலருக்குள் எடுத்துவிடலாம். விலை மலிவான எரிபொருளை விட்டுவிட்டு விலை கூடினதுக்கு மாறினால் பில் எப்படிக் குறையும்? ஒரே ஒரு வழியில்தான் குறையும். மொத்த வீடும் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று வைக்கிற தெர்மோஸ்டாட்டை நன்றாக இறக்கிவிட்டு, நீங்கள் இருக்கிற ஒரு அறையை மட்டும் சூடாக வைத்துக்கொண்டால் குறையும். விளம்பரமும் இதைத்தான் உள்ளே எங்கேயோ சொல்லும். ஆனால் அப்படி மிச்சமாகிற காசு தெர்மோஸ்டாட்டை இறக்கியதால் மிச்சமாகிறது. முப்பது டாலர் ஹீட்டருக்கும் அதே மிச்சம்தான். கம்பளி போர்த்திக்கொண்டால் அதைவிட அதிக மிச்சம்.

இங்கே ஒருவர் கட்டாயம் கமெண்டில் வந்து கேட்பார், ஐயா, ஹீட் பம்ப் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தருகிறதே என்று. நியாயமான கேள்வி. அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருக்கிற காற்றிலிருந்து சூட்டை அள்ளி உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. அதனால் இரண்டரை, மூன்று மடங்கு சாத்தியம். சுவரில் மாட்டின ஏசியில் வெளியே ஒரு பெட்டி இருக்கும் இல்லையா, அந்த மாதிரி ஒன்று இல்லாமல் அறைக்குள் சும்மா உருட்டிக்கொண்டு போய் பிளக்கில் சொருகுகிற ஹீட்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் சூடு.

நான் குடியிருந்த வீட்டில் கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். எழுபத்தெட்டு வயது, கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். என்னைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர். பனி விழுந்தால் நான் வாசல் தள்ளுவேன், அவர் எனக்கு ஆப்பிள் பை செய்து வைத்திருப்பார். 2009 ஜனவரியில் ஒரு நாள் வேலையிலிருந்து வருகிறேன், வாசலில் பெரிய அட்டைப்பெட்டி. இதே மாதிரி மரக்கூடு வைத்த ஹீட்டர். அவர் வாங்கியது வேறொரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். கண்ணெல்லாம் மின்ன மின்ன என்னிடம் சொன்னார், இனிமேல் பில் பற்றிக் கவலை இல்லை என்று. நான்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன். அன்றைக்கே நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. அவர் தெர்மோஸ்டாட்டைத் தொடவே இல்லை. ஃபர்னஸ் பாட்டுக்கு ஓடியது, இதுவும் கூட ஓடியது. அடுத்த மாதம் எரிவாயு பில் பழைய மாதிரியே வந்தது, கரண்ட் பில் நிறையக் கூடி வந்தது. இரண்டு பில்லையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அவர்கள் ஆமிஷ் ஆயிற்றே" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கம்பெனியை நம்பி அவர் பணம் கட்டவில்லை, அந்த மனிதர்களை நம்பிக் கட்டினார்.

அந்த ஹீட்டரை அவர் சம்மதத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிரித்தேன். பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ. உள்ளே பார்த்தால் ஒரு நிக்ரோம் கம்பிச்சுருள், அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன், சூடு மிஞ்சினால் நிறுத்துகிற ஒரு சின்ன சுவிட்ச். அப்புறம் முன்பக்கத்தில் நிஜத் தீ எரிகிற மாதிரி தெரியுமே, அந்த நெருப்பு. எல்லோரும் மயங்குகிற அந்த நெருப்பு எப்படி வருகிறது தெரியுமா? கீழே இரண்டு சின்ன பல்பு. அதற்கு மேலே குறுக்காக ஒரு கம்பி, அந்தக் கம்பியில் பளபளக்கிற தகட்டுத் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒரு குட்டி மோட்டார் அந்தக் கம்பியை மெதுவாகச் சுற்றும். பல்பு வெளிச்சம் அந்தத் துண்டுகளில் பட்டுச் சிதறி முன்னால் இருக்கிற திரையில் நெளியும். அவ்வளவுதான் தீ. அழகாகத்தான் இருந்தது, நான் குறை சொல்லவில்லை. அந்தத் தீயில் சூடு இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஃபேனை நிறுத்திவிட்டு நெருப்பை மட்டும் ஓட விட்டுக் கையைக் காட்டினேன். திரை சில்லென்று இருந்தது.

சரி, இப்போது ஆமிஷ் மக்கள். எனக்கு உண்மையில் பேச வேண்டும் என்று இருப்பது இவர்களைப் பற்றித்தான். ஹீட்டரை யார் செய்தார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். அவர்கள் முகத்தை விற்பனைக்கு வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

1693-இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பக்கம் யாக்கோப் அம்மான் என்ற கிறிஸ்தவ மூப்பர் ஒருவர் தன் கூட்டத்தோடு தனியாகப் பிரிந்தார். அவர் பெயரிலிருந்துதான் ஆமிஷ். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் வீட்டில் ஒரு பழைய ஜெர்மன் வழக்கைத்தான் பேசுகிறார்கள். ஒஹாயோவில் ஹோம்ஸ் கவுண்டி அவர்களுடைய மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்று. அம்மா, உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், மாமியாரை ஒரு நாள் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.

அவர்கள் கரண்டே தொட மாட்டார்கள் என்று நாம் சொல்வது முழுக்கச் சரியில்லை. பொது மின்கம்பியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள், அதுதான் கட்டுப்பாடு. வெளி உலகத்தோடு வீட்டைக் கம்பி போட்டுக் கட்டிவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். எது சேர்க்கலாம், எது கூடாது என்று ஒவ்வொரு சபையும் கூடிப் பேசி முடிவு செய்கிறது. அந்த எழுதாத சட்டத்துக்கு ஓர்ட்னுங் என்று பெயர். அதனால் ஊருக்கு ஊர் மாறும். பேட்டரி இருக்கும், சில இடங்களில் சோலார் தகடு இருக்கும், பட்டறைகளில் டீசல் இன்ஜின் இருக்கும்.

நான் ஒரு தச்சுப் பட்டறைக்குள் போயிருக்கிறேன், ஹோம்ஸ் கவுண்டியில்தான். வெளியே கொட்டகையில் டீசல் இன்ஜின் தடதடவென்று ஓடுகிறது. அது காற்றை அழுத்தித் தொட்டியில் அடைக்கிறது. அந்தக் காற்று குழாய் வழியாக உள்ளே வந்து, துளை போடுகிற கருவி, தேய்க்கிற கருவி எல்லாவற்றையும் ஓட்டுகிறது. கரண்டில் ஓட வேண்டிய கருவியைக் காற்றில் ஓடுகிற மாதிரி அவர்களே மாற்றி வைத்திருக்கிறார்கள். காற்றை விடும்போது ஸ்ஸ் என்று ஒரு சத்தம், கருவாலி மரத்தூள் வாசனை, கூரையில் கண்ணாடி வைத்து வெளிச்சம். அந்தத் தச்சர் ஒரு மேசை இழுப்பறையை உருவி என் கையில் கொடுத்தார். ஓரத்தில் ஒரு ஆணி இல்லை. புறா வால் மாதிரி இரண்டு பலகையின் பல்லையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தார். நான் அதைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். மேசையைத் தாராளமாக எடுங்கள் என்றார். அவரும் சேர்ந்து நிற்பாரா என்று கேட்டேன். தலையை அசைத்து, நான்கு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். கோபம் இல்லை, முகத்தில் சிரிப்புதான். விக்கிரகம் செய்யக் கூடாது என்ற வேத வாக்கை அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தைக் காட்டி நிற்பது பெருமை, பெருமை பாவம்.

இப்போது அந்த முழுப் பக்க விளம்பரத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். தன் முகம் படத்தில் விழக் கூடாது என்று நான்கு அடி தள்ளி நிற்கிற ஜனங்களின் தொப்பியும் தாடியும் குல்லாவும் வண்டியும், நாடு முழுக்கப் பத்திரிகைப் பத்திரிகையாக அச்சாகி வருகிறது. எதற்கு? சுவரில் இருக்கிற எந்த பிளக்கிலும் சொருகலாம் என்று ஒரு பெட்டியை விற்பதற்கு. அந்த மாதிரி ஒரு பிளக் அவர்கள் வீட்டுச் சுவரில் கிடையாது. அவர்கள் குளிர் காய்வது விறகு அடுப்பில், நிலக்கரி அடுப்பில், கேஸ் ஹீட்டரில்.

ஒஹாயோவில் கிட்ரன் என்று ஒரு ஊர், அங்கே லேமன்ஸ் என்று ஒரு கடை. 1955-இல் ஆமிஷ் ஜனங்களுக்கு வேண்டிய சாமான்களுக்காகவே தொடங்கினது. மண்ணெண்ணெய் விளக்கு, கையால் சுற்றுகிற துணி பிழியும் மெஷின், இரும்பு விறகு அடுப்பு என்று கரண்ட் வேண்டாத சாமான்கள். நான் அங்கே நுழைந்தால் இரண்டு மணி நேரம் வெளியே வர மாட்டேன். ஆமிஷ் வீடு எப்படிச் சூடாகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த அடுப்பு வரிசையைப் போய்ப் பார்த்தால் போதும்.

ஏன் ஜனங்கள் அவ்வளவு நம்பினார்கள்? இதற்கு என் மனசில் படுகிற ஒன்றைச் சொல்கிறேன். 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஒரு ஆமிஷ் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து ஐந்து சிறுமிகளைக் கொன்று, தானும் செத்தான். அன்றைக்கே, அந்தப் பிள்ளைகளின் ஜனங்கள், கொன்றவனின் மனைவி வீட்டுக்குப் போய் மன்னித்துவிட்டோம் என்று சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கும் போய் நின்றார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பண உதவியும் கொடுத்தார்கள். அமெரிக்கா முழுக்க டிவியில் அதைப் பார்த்து அழுதது. நானும் பார்த்தேன். அந்த மாதிரி ஜனங்கள் மேல் ஒரு மரியாதை வருமா வராதா? கொட்டகை எரிந்தால் இன்ஷூரன்ஸ் கேட்க மாட்டார்கள், ஊரே கூடி வந்து ஒரே நாளில் சட்டம் நிறுத்திக் கொடுக்கும். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நல்ல பெயர் அது. இரண்டு வருடம் கழித்து அந்த நல்ல பெயரைக் கொண்டுவந்து ஒரு கம்பிச்சுருளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

மரச்சட்டம் செய்த தச்சர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நிலம் விலை ஏறிப்போய், குடும்பத்துக்கு ஏழு எட்டு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் விவசாயம் செய்ய இடமில்லை. அதனால் ஏராளமான ஆண்கள் பட்டறை வேலைக்கு வந்துவிட்டார்கள். மரவேலை கேட்டால் செய்து கொடுத்தார்கள், கூலி வாங்கினார்கள். அவர்கள் பொறுப்பு அந்த மரத்தோடு முடிகிறது. மரத்துக்கு இருக்கிற உத்தரவாதத்தை ஹீட்டருக்கும் இருக்கிற மாதிரி காட்டினவர்கள் வேறு ஆட்கள்.

விளம்பரத்தின் மொத்தத் தோற்றம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன், இதுவும் அமெரிக்காவில்தான். 2012-இல் அங்கே இருக்கிற வர்த்தக ஆணையம் ஐந்து ஜன்னல் கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. ஜன்னலை மாற்றினால் ஹீட்டிங் செலவில் 47 சதவீதம் வரைக்கும் மிச்சமாகும் என்கிற மாதிரியெல்லாம் சொல்லி விற்றார்கள். "வரைக்கும்" என்ற வார்த்தையை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள். படிக்கிறவர்கள் அந்த "வரைக்கும்" என்பதைக் கண்ணிலேயே வாங்குவதில்லை, 47 என்ற எண்ணைத்தான் வாங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. பாட்டி குதிரை வண்டியை வாங்கின மாதிரி.

அம்மா, உங்கள் மாமியாருக்குக் குளிர்கிறது, அதற்கு வழி வேண்டும். அந்த ஹீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். சும்மா கிடைத்தது, நல்ல மரமாக இருந்தால் வீட்டுக்கு அழகு. மாமியார் உட்காருகிற அறையில் வையுங்கள், அந்த அறைக் கதவைச் சாத்தி வையுங்கள், பகலில் வீட்டுத் தெர்மோஸ்டாட்டை அவரால் பொறுக்க முடிகிற அளவு இறக்குங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஏழிலிருந்து பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறக்கி வைத்தால் வருடத்துக்குப் பத்து சதவீதம் வரைக்கும் மிச்சம் என்று. இங்கேயும் "வரைக்கும்" இருக்கிறது, கவனியுங்கள். முழு அளவில் தினம் பத்து மணி நேரம் ஹீட்டர் ஓடினால் மாதம் 450 யூனிட். யூனிட்டுக்கு 16 சென்ட் என்று வைத்தால் 72 டாலர். பாதி அளவில் வைத்தால் 36. இதை உங்கள் எரிவாயு பில்லில் குறைகிற தொகையோடு வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் கார்டில் மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். 12.5 ஆம்பியர் மணிக்கணக்காகப் போனால் மெல்லிசான வயர் சூடாகும், தீப்பிடிக்கும். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள், ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் நிறுத்திவிடுங்கள். இத்தனை வருடப் பழைய சாமான், உள்ளே தூசி அடைத்திருக்கும், முதலில் அதை ஊதித் துடையுங்கள். மாமியார் தூங்கும்போது ஓட விடாதீர்கள்.

அப்புறம் ஜன்னல் ஓரத்தில், வாசல் கதவுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று காற்று வரும். நான் ஆக்ரனில் அந்த வீட்டுக்காரம்மாவுக்கு அதைத்தான் செய்து கொடுத்தேன். இடுக்கை அடைக்கிற கால்க் பசை ட்யூப் நான்கு, கதவுக்கு அடியில் ஒட்டுகிற ரப்பர் பட்டை இரண்டு, ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள், எல்லாம் சேர்ந்து நாற்பது டாலருக்குள். ஒரு சனிக்கிழமை மதியம் முடிந்துவிட்டது. வருமானம் குறைவானவர்கள் என்றால் இந்த வேலையை அரசாங்கமே செய்து கொடுக்கிற வெதரைசேஷன் திட்டம் 1976-லிருந்து இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு முழுப் பக்க விளம்பரம் யாரும் கொடுக்கவில்லையே.

அந்த ஹீட்டரின் பின்பக்கம் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும் அம்மா, வோல்ட், வாட், எந்த நாட்டில் செய்தது என்று போட்டிருக்கும். அதை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மரத்தின் ஓரத்தையும் ஒரு படம் எடுங்கள், பலகையை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. அடுத்த வாரம் இரண்டையும் இங்கே போட்டுப் பேசுவோம்.